நேர்ந்துவிட்ட சேவலும் நான் திருகிய துப்பாக்கியும்

எதையும் இரண்டு தடவை யோசிக்கிற பெண்ணிடம் திருகாணி வைத்த பொருள் எதையும் கொடுக்கக் கூடாது. திருகுவாள். திருகியது சரிதானா என்று மறுபடியும் திருகுவாள். என்னைத்தான் சொல்கிறேன், வேறு யாரையும் இதில் இழுக்கவில்லை.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய தோரணங்கள் நனைந்து கிழிந்து தொங்கிய மழைக்காலம் அது. காஜா பெராங் ஊரின் கோடியில், தென்னையும் ரம்புத்தான் பழமரங்களும் அடர்ந்த நிலத்தில் எங்கள் பலகை வீடு. பகலிலேயே இருட்டு. தொட்டில் துணி காயவில்லை, சுவர் காயவில்லை, என் கண்ணும் சரியாகக் காயவில்லை. கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சல் வந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. அது இறங்குவதற்காக, எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், முனியாண்டிக்கு ஒரு சிவப்புச் சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். மழை விட்டதும் படையல்.

நேர்ந்த சேவலுக்கு எந்த ஊனமும் இருக்கக் கூடாது. இருந்தால் சாமி வாங்காது. சாமி வாங்காவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும். (இது அண்ணியின் கணக்கு. நான் கான்வென்டில் படித்தவள், இதையெல்லாம் நம்பமாட்டேன். நம்பாமலேயே குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அந்த நேரம் பார்த்து விறகுக் குவியலில் ஒரு பெருச்சாளி குடிவந்தது. முதலில் முட்டை போனது, பிறகு குஞ்சுகள். ஒரு காலையில் பெட்டைக்கோழியின் கால்விரலைக் காணோம்.

"அடுத்தது சேவல் விரல்தான்," என்றார் அண்ணி.

"எலி மருந்து வைக்கலாமா அண்ணி?"

"வையி. கோழி பாதி தின்னும், தவழ்ந்து போயி உன் மவன் மீதியத் தின்பான்."

கணவரிடம் லைசென்ஸோடு ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஆனால் அவர் எஸ்டேட் ஆபீசிலிருந்து திரும்பும்போது இருட்டிவிடும். பெருச்சாளி அதற்கு முன்பே, விளக்கு வைக்கும் நேரத்தில், சாப்பிட்டு முடித்துப் போய்விடும். ஆகவே சுடும் பொறுப்பு எனக்கு வந்தது.

துப்பாக்கியின் பின்பக்கம் குறிபார்க்கிற சின்னத் தகடு ஒன்று உண்டு. திருகாணியைத் திருகினால் அது இடமும் வலமும் நகரும். தென்னை மரத்தில் பிஸ்கட் டின் மூடியை ஆணியடித்து மாட்டிச் சுட்டுப் பார்த்தேன். குண்டு ஒரு சாண் வலது பக்கம் போனது. குண்டு போகிற பக்கமே தகட்டையும் நகர்த்தினால் இரண்டும் சந்தித்துக்கொள்ளும் என்று என் படிப்பு சொன்னது. திருகினேன். குண்டு இன்னும் ஒரு சாண் தள்ளிப் போனது. (தகட்டை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டுமாம். கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.)

இனி தொட்டால் இன்னும் கெடும் என்று பயந்து, வேறு வழி கண்டுபிடித்தேன். மூடிக்கு இரண்டு சாண் இடது பக்கம் குறிபார்த்தேன். டங்! மறுபடி சுட்டேன். டங்! கணவரிடம் இதைச் சொல்லவில்லை. பொருளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைப்பாரோ என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். அந்த நேரத்தில் வீட்டிலிருந்த கணவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுப் பார்த்து, தகட்டைச் சரியாகத் திருகி வைத்துவிட்டார். அவரும் என்னிடம் சொல்லவில்லை. என் மனசு புண்படுமாம்.

மறுநாள் சாயங்காலம் மழை சற்று ஓய்ந்தது. பின்வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். பெருச்சாளி வந்தது. அதற்குச் சரியாக இரண்டு சாண் இடது பக்கம், முளையில் கட்டியிருந்த முனியாண்டி சேவல்.

யோசித்தேன். எலியைக் குறிபார்த்தால் குண்டு வலது பக்கம் போய்விடும். சேவலைக் குறிபார்த்தால்தான் எலி சாகும். கணக்குச் சரி. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவருடைய சேவலின் காலைப் பார்த்துச் சுட்டேன்.

துப்பாக்கி அன்றைக்கென்று பார்த்து நேராகச் சுட்டது.

சேவல் போட்ட கூச்சலில் அண்ணி ஓடிவந்தார். பெருச்சாளி மட்டும் அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

"எலிக்குப் பயந்துதானேடி உன் கையில துப்பாக்கியக் குடுத்தோம்! எலியே தேவலயே!"

படையல் போட வந்த முனியாண்டி பூசாரி சேவலின் காலைத் தூக்கிப் பார்த்தார். "சாமி வாங்காதும்மா. வேற சேவல் கொண்டாங்க. ஆனா இதையும் நேந்தாச்சு. நீங்க தின்னக் கூடாது, விக்கவும் கூடாது."

வேறு சேவல் படைத்தோம். காய்ச்சல் வரவில்லை. நான் மட்டும் அது வருவதற்காகக் காத்திருந்தேன். சாமிக்கும் ஆகாத, மனிதருக்கும் ஆகாத அந்தச் சேவல், வலது காலை இழுத்து இழுத்து எங்கள் முற்றத்தை ஆண்டது. பெருச்சாளியைக் கணவர் பொறி வைத்துப் பிடித்தார்.

மகன் நடக்கத் தொடங்கினான். நாலு அடி வைத்தான். வலது காலை இழுத்தான்.

முனியாண்டி கணக்கைத் தீர்க்கிறார் என்று அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றார். அது என் அழுகையை அதிகமாக்கியது. கண்டுபிடிக்க முடியாத வியாதி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முற்றத்தைக் காட்டினார். சேவல் முன்னால் போனது. மகன் அதன் வாலைப் பார்த்தபடியே, அது எப்படி நடந்ததோ அப்படியே, பின்னால் போனான்.

"அவன் வேற யாரப் பாத்து நடை பழகுவான்? நீதான் நாள் பூரா உக்காந்து அழறியே!"

நடை சரியானது. ஆனாலும் தயக்கம் வந்தால் அந்தக் கால் கொஞ்சம் பின்தங்கும். இந்த வருஷம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் நாள் வாசலில் என் கையை விட்டுவிட்டு, காலை இழுத்தபடி உள்ளே போனான். அண்ணி பின்னாலிருந்து, தெருவுக்கே கேட்க, கத்தினார்.

"நேரா நடடா! உங்கம்மா கையில துப்பாக்கி இல்ல!"

அங்கே நின்ற தாய்மார்கள் யாரும் என் மகனைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கைகளைத்தான் பார்த்தார்கள்.