வீணையை விழுங்கிய மென்பொருள்

ஆராய்ச்சி செய்யாமல் நான் எதையும் வாங்கமாட்டேன். மிக்ஸி வாங்குவதற்கே மாதக்கணக்கில் வீடியோ பார்த்தவன். (அதற்குள் பழைய மிக்ஸி தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது, அது வேறு விஷயம்.) இந்தக் குணத்தில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. நடுவில் ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் கொஞ்சம் இடித்தது.

என் மனைவி ஹேமா வீணை வாசிப்பாள். கல்யாணம், குழந்தை, பேங்க் வேலை என்று பல வருஷம் உறைக்குள் கிடந்த வீணையை, மகள் காலேஜ் போனதும் வெளியே எடுத்தாள். விடிகாலை சாதகம் செய்து விட்ட இடத்தைப் பிடித்துவிட்டாள். அபிராமபுரத்தில் ஒரு சின்ன சபா டிசம்பரில் அவளைப் போன்றவர்களுக்கு மேடை தருவதாகச் சொன்னது. ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். அதைத் தங்கள் சேனலில் போடுவார்கள்; செக்ரட்டரி அதைக் கேட்டு முடிவு சொல்வார்.

“என் போன்லயே எடுத்துடலாமே,” என்றாள் ஹேமா.

“போனா? உன் வாசிப்புக்கா?”

“நேக்கு வேற ஒண்ணும் வேண்டாம்னா. வீணை கேட்டாப் போறும்.”

விடுவேனா? கேமரா, ஸ்டாண்ட், வட்ட விளக்கு, மைக் என்று தி.நகர் கடையில் நான் பேசிய பேச்சில், கடைக்காரர் விற்பதை விட்டுவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். மைக் மட்டும் என் தனித் தேர்வு. ஊசி விழுந்தாலும் கேட்கும் ரகம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் ரெக்கார்டிங். எதிரில் நானும் என் ஷட்டகர் ரமணியும். (ஹேமாவின் அக்காள் கணவர், ஓசிக் காபி ரசிகர்.) கச்சேரி என்றால் எதிரே ஆள் உட்கார்ந்து தலையாட்டி, ‘பலே’ சொல்ல வேண்டாமா? கல்யாணி ராகத்தை ஹேமா வாசித்தாள் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வஞ்சனையில்லாமல் பலே சொன்னேன்.

நடுவில் ரமணி என் காதில், “செக்ரட்டரி ஒத்துப்பாரா?” என்றார்.

“அவருக்குக் காது மந்தம் ஓய். லாரி ஹாரனுக்கே ஆஹான்னுவார்,” என்றேன், மிக மிக மெதுவாக.

போட்டுக் கேட்டால், வீணை நன்றாகத்தான் இருந்தது. கூடவே ஃபேன், பக்கத்து வீட்டுக் குக்கர், தெருவில் சைக்கிள் மணி எல்லாம் பக்கவாத்தியம். நான் அசரவில்லை. தேவையில்லாத சத்தத்தைத் தானே கண்டுபிடித்து நீக்கும் ஒரு மென்பொருளை ஆராய்ந்து பிடித்தேன். எவ்வளவு நீக்க வேண்டும் என்று அது கேட்டது. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, கடைசி எல்லை வரை தள்ளினேன். “வணக்கம், நான் ஹேமா” என்ற முதல் வரியைக் கேட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குமேல் கேட்பானேன்? அனுப்பிவிட்டேன்.

சேனலில் வந்த அன்று உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, டிவியில் போட்டேன். ஹேமா பட்டுப்புடவையில் வணக்கம் சொன்னாள். விரல்கள் தந்தியில் ஓடின. சத்தமே இல்லை.

“வால்யூம் வைங்கோ,” என்றாள் மைத்துனி. ரமணி முழுசாக வைத்தார்.

“பலே!”

வீடே அதிர்ந்தது. என் குரல். மறுபடி நிசப்தம், ஓடும் விரல்கள், மறுபடி “ஆஹா! பலே!” மனிதக் குரல் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று அந்த மென்பொருள் முடிவு கட்டியிருந்தது. ஃபேனோடு வீணையையும் துடைத்து எறிந்துவிட்டு, என்னை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றியிருந்தது. அப்புறம் அந்த வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல்: “அவருக்குக் காது மந்தம் ஓய்.”

யாரும் சிரிக்கவில்லை. ஹேமா எழுந்து உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன் அடித்தது.

“காது மந்தமான செக்ரட்டரி பேசறேன்,” என்றது குரல். “உங்க குரல் அட்சர சுத்தமா விழுந்தது. ஆத்துக்காரி வாசிச்சதுதான் விழலை. ஆனா அந்த விரல் போற அழகைப் பார்த்தேன். கேக்காம எப்படி விடறது? நாளைக்கு வீணையைத் தூக்கிண்டு வரச் சொல்லுங்கோ. நீங்க வர வேண்டாம்.”

போனாள். வாசித்தாள். மேடை கிடைத்தது.

டிசம்பர் கச்சேரியில் முன்வரிசையில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே கல்யாணி. சபாவே ஆஹா என்றது, செக்ரட்டரி உட்பட. என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் வீணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்: “ஏன்னா, ஒரு பலேகூடச் சொல்லலியே. நன்னா இல்லியா?”

“வீணை கேட்டாப் போறும்னு சொன்னியே,” என்றேன். அதற்குமேல் முடியவில்லை. கச்சேரி முழுக்க அடக்கியதைச் சேர்த்து, “பலே!” என்று ஒரு கத்து கத்தினேன்.

ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது.

“இன்னா சார், எறங்கணுமா?”

இப்போது ஹேமாவின் வீடியோக்களையெல்லாம் அவள் போனிலேயே எடுக்கிறோம். பிடிப்பது நான்தான். (என் கையைவிட ஆடாத ஸ்டாண்ட் கிடையாது என்பது என் சமீபத்திய ஆராய்ச்சி முடிவு.) ஆட்டோ கதையை அம்மா சொல்லிக் கேட்ட மகள், பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, “இன்னா சார், எறங்கணுமா?” என்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன், அவள் அம்மா வாசிக்க ஆரம்பிப்பாள்.