பெரியவளின் கட்டைவிரல்

உலகில் அன்பை முறையாக நிர்வகிக்கக் கற்ற முதல் குடும்பம் அதுதான். மற்ற வீடுகளில் அன்பு கண்டபடி கிடக்கும். இங்கே பங்கீடு உண்டு.

இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததும் இரு தரப்பு உறவும் உதவிக்கு வந்து இறங்கியது. மாமனார் தலைமையில் கூட்டம் நடந்தது. அவர் அலுவலக மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்து பேசத் தெரியாது. பெரியவள் அப்பா வீட்டுப் பொறுப்பு, சின்னவள் அம்மா வீட்டுப் பொறுப்பு என்று ஏகமனதாக முடிவாயிற்று. பெற்றவளுக்கு ‘ஓய்வு’ வழங்கப்பட்டது. அவள் கேட்டிருக்கவில்லை.

குழந்தைகள் அச்சு அசல் ஒன்று. அதனால் பெரியவளின் கால் கட்டைவிரலில் நாத்தனார் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தார். பெரியவள் கூடத்துக்குப் போனாள். சின்னவளைப் பெற்றவளின் அக்கா உள்ளறைக்குக் கொண்டுபோனாள்.

“மூக்கப் பாரு, அப்படியே எங்க அப்பா மூக்கு!” என்பார் நாத்தனார்.

“நல்லவேளை, இவளுக்கு அந்த மூக்கு வரல,” என்று உள்ளறையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்.

பசித்தால், துணி நனைந்தால் மட்டும் குழந்தை எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லை, தாயிடம் வரும். காரியம் முடிந்ததும் திரும்பப் பெறப்படும்.

இரண்டும் தூங்கவே இல்லை. வயிற்றுக்குள் ஒன்றையொன்று உதைத்துப் பழகியவை. உதைக்க ஆள் இல்லாமல் அழுதன.

“அண்ணி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா தூங்கிடும்,” என்றாள் அவள்.

“நீ ரெஸ்ட் எடும்மா. நாங்க எதுக்கு இருக்கோம்?”

அக்காவிடமும் கேட்டாள்.

“அங்க கொண்டுபோய்ப் போட்டா திரும்பி வருமா? உனக்கு விவரம் பத்தாதுடி.”

“ரெண்டு பேரும் பாசத்துலதானே பண்றாங்க,” என்று கணவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் நடுநிலை காத்தான்.

ஒரு மதியம் இரண்டுக்கும் சேர்ந்து பசித்தது. விதிவிலக்காக இரண்டும் ஒரே நேரத்தில் அவள் மடிக்கு வந்தன. பால் கொடுத்தாள். கதவைத் தாழிட்டாள். பஞ்சைப் பாலிஷ் ரிமூவரில் நனைத்துப் பெரியவளின் கட்டைவிரலைத் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்து, “எடுத்துக்குங்க,” என்றாள்.

நாத்தனார் ஒன்றைத் தூக்கிக் காலைப் பார்த்தார். வைத்துவிட்டு மற்றதன் காலைப் பார்த்தார்.

“ஐயோ, சிவப்பக் காணோம்!”

கூட்டம் கூடியது. மூக்குகள் பரிசீலிக்கப்பட்டன. மூக்குகள் ஒத்துழைக்கவில்லை.

“இது எங்களுதுன்னுதான் தோணுது,” என்று அக்கா கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். “ஒருவேளை உங்களுதா இருந்துட்டா?”

“அதான் நானும் பாக்கறேன்,” என்றார் நாத்தனார். “மாத்திக் கொஞ்சித் தொலைச்சுட்டா?”

“முடிவு தெரியறவரைக்கும் யாரும் தூக்க வேண்டாம்,” என்றார் மாமனார். அன்பு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. குழந்தைகள் பாயில் கிடந்து வீறிட்டன. யாரும் குனியவில்லை.

“பெத்தவ நீ. உனக்குமா தெரியல?”

அவளுக்குத் தெரியும். பெரியவள் தன் காதைப் பிடித்துக்கொண்டுதான் பால் குடிப்பாள்.

“எனக்கு எப்படி மாமா தெரியும்? முகத்தப் பாக்கறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிடறீங்களே?”

மாமனார் யோசித்தார். “சரி, நீயே வச்சிருந்து பாத்துச் சொல்லு. எத்தனை நாள் ஆகும்?”

“கூடவே வச்சிருந்தாத்தான் சொல்ல முடியும், மாமா.”

இரண்டையும் வாரிக்கொண்டு போய்க் கட்டிலில் ஒன்றாகப் போட்டாள். பெரியவள் ஒரு உதை விட்டாள். சின்னவள் திருப்பி விட்டாள். இரண்டும் தூங்கிப்போயின.

கதவு தட்டப்பட்டது. “தெரிஞ்சுதாம்மா?”

“இன்னும் இல்ல, அண்ணி.”

உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத அந்த அன்பு வெளியே கைகட்டி நின்றது, எந்தக் குழந்தைமேல் பொழிவதென்று உத்தரவு வராமல்.