நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி

“அந்தச் சிவப்புக் கொடி எறங்கினாத்தான் நிக்காஹ்!”

கடை வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார் மஃரூப் ஹாஜியார். துணிக்கடை முதலாளி தாஸிமின் ஒரே மகள் சித்தி றலியாவை மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர். கண்டித் தேர்தலில் பச்சைப் பெட்டிக்காரருக்கு வலது கை.

“சம்மந்தி, அது நான் கட்டினதில்ல. மச்சான் ஹபீல் கட்டிட்டுப் போனது.”

“கடை ஒங்கடதானே?”

தாஸிம் நாற்காலி போட்டு ஏறிக் கொடியை அவிழ்த்தார். ஹாஜியார் தன் கையாலேயே பச்சையைக் கட்டிவிட்டுப் போனார்.

பின்னேர அஸர் தொழுகைக்குள் ஹபீல் வந்துவிட்டான். தாஸிமின் மனைவி கைரியாவின் தம்பி. பெண்ணுக்குத் தாய்மாமன். சிவப்புப் பெட்டிக்காரருக்காக ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவன்.

“கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் மச்சான். ஆறு பேர் ஒண்ணா சுத்திக் குந்திக் கை வெக்கிற சஹன். எதிர்க்கட்சிக்காரனோட அந்தத் தட்டுல என்ட கை படாது!”

உள்ளேயிருந்து கைரியாவின் அழுகை கேட்டது. “என்ட ஒரே தம்பி இல்லாம என்ட புள்ளைக்கு நிக்காஹா?”

மறுநாள் தாஸிம் இரண்டு கொடிகளையும் கட்டினார். இரு தரப்பும் கடைக்கு வருவதை நிறுத்தின. இரண்டையும் அவிழ்த்தார். “மறைஞ்ச பச்சை” என்றான் ஹபீல். “ஒளிஞ்ச சிவப்பு” என்றார் ஹாஜியார்.

எல்லாருக்கும் வோட்டு என்று சட்டம் வந்த புதிது. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். திரைக்குப் பின்னால் போய், பிடித்த நிறத்தில் சீட்டைப் போட்டால் முடிந்தது. அதிலிருந்து கண்டியில் மனிதர்கள் இல்லை, சிவப்பும் பச்சையும்தான்.

வழி சொன்னவர் எதிர்த்த தேத்தண்ணிக் கடை நடராஜா.

“முதலாளி, ரெண்டுலயும் சேராட்டி ரெண்டு பேரும் அடிக்கிறாங்க. மூணாவதா ஒண்ணத் தொடங்குங்க. நடுநிலைக் கட்சி! ரெண்டு பக்கமும் ஒங்க வீட்டுக்கு வரலாம். யாருக்கும் மானம் போகாது.”

வெள்ளைப் பெட்டி கிடைத்தது. தேர்தலில் நிற்கும் அபேட்சகர் தாஸிமேதான். பட்டறையில் மிஞ்சிய வெள்ளை மல் துணி முழுவதும் கொடியானது.

வெள்ளைக் கொடிகளைக் கண்டு, “மையத்து வீடா நானா? யாரு மவுத்து?” என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

ஆனாலும் கூட்டம் சேர்ந்தது. சண்டையில் சலித்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் கண்டியில். தாஸிம் தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று முழங்கினார்.

“சிவப்புலயும் பாதி நியாயம் ஈக்குது! பச்சையிலயும் பாதி நியாயம் ஈக்குது! ரெண்டு பேரையும் சரிசமமா நடத்துறதுதான் எங்கட கட்சி!”

கை தட்டல் வாவிக்கரை வரை கேட்டது. கைரியா முதன்முறையாக அழுகையை நிறுத்தினாள்.

வோட்டு எண்ணிய அன்று அதிகாரி வெள்ளைப் பெட்டியைத் திறந்து கவிழ்த்தார். ஒரேயொரு சீட்டு விழுந்தது. தாஸிமுக்கு அது தெரிந்த சீட்டு, அவரே போட்டது.

பிறகு சிவப்பைத் திறந்தார்கள். முழுச் சீட்டுகளுக்கு நடுவே பாதிப் பாதியாகக் கிழிந்த சீட்டுகளும் கொட்டின. பச்சையைத் திறந்தார்கள். மற்றப் பாதிகள் கொட்டின.

“கிழிந்தது எல்லாம் செல்லாது” என்றார் அதிகாரி.

தாஸிம் நடராஜாவைப் பிடித்து உலுக்கினார். “என்ன வேல பாத்தீங்க?”

“நீங்க சொன்னதத்தான் முதலாளி! ரெண்டு பேருக்கும் சரிசமம். நான் மடிச்சு, நகத்தால கீறி, கோணாமக் கிழிச்சேன். நம்மாளுங்க அத்தன பேரும் அப்படித்தான்!”

வீட்டுக்குப் போனால் கைரியாவும் பெருமையோடு நின்றாள். “மேல்பாதி தம்பிக்கு. கீழ்பாதி சம்மந்திக்கு. கொறச்சல் வெக்கல்ல.”

தாஸிம் நாற்காலியில் விழுந்தார்.

பச்சை நாலே வோட்டு வித்தியாசத்தில் வென்றிருந்தது. வெளியே சொல்ல வெட்கமான வெற்றி. சிவப்புக்கோ வெளியே சொல்ல முடியாத தோல்வி. எங்கள் வோட்டைக் கிழித்தவன் தாஸிம் என்று ஹபீல் வழக்குப் போட வக்கீல் புரொக்டரிடம் போனான். அதே முறைப்பாட்டோடு அங்கே ஹாஜியாரும் உட்கார்ந்திருந்தார். ஒரே வாங்குப் பலகை. ஒரே கோபம். அன்று இருவரும் ஒரே காரில் திரும்பி வந்ததை ஊரே பார்த்தது.

நிக்காஹ் நின்றுபோகுமோ என்று பயந்து தாஸிம் நோன்பு பிடித்துக் காத்திருந்தார். நிற்கவில்லை. குறித்த நாளில் ஹாஜியாரும் வந்தார், ஹபீலும் வந்தான். தோளில் கை போட்டுக்கொண்டு!

மகளின் கையை ஒப்புக்கொடுத்துவிட்டுத் தாஸிம் கண்ணைத் துடைத்தார். பின்முற்றத்தில் பலாமரத்தடியில் ஒரு சஹன் தனியாக மூடியிருந்தது. பக்கீர்மாருக்காக்கும் என்று நினைத்தபடி பந்திக்குள் நுழைந்தார்.

நடுப்பாயில் ஒரே சஹனைச் சுற்றி ஹாஜியாரும் ஹபீலும் இன்னும் மூவரும். ஹாஜியார் கோழிக் காலைப் பிய்த்து ஹபீல் பக்கம் தள்ளினார். ஹபீல் ஈரல் துண்டைத் திருப்பித் தள்ளினான். எதற்காகக் கட்சி தொடங்கினாரோ, அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஓரிடம் காலியாகவும் இருந்தது.

தாஸிம் கை கழுவி, சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, அந்த இடத்தில் குந்தப் போனார்.

வத்தேகமயிலிருந்து வந்த சமையல்காரர் உஸ்மான் அவர் தோளை மெல்லப் பிடித்தார்.

“மன்னிச்சுக்கோங்க நானா, இது ஒரே கட்சிக்காரங்கட சஹன். எதிர்க்கட்சிக்குப் பலாமரத்தடியில வெச்சீக்கு.”