போன் போட்டுட்டு வரணும்

ராகேல் புறவாசலில் குந்தியிருந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி செதிலைச் சுரண்டும் சத்தத்துக்கு மேலே அவள் புருசன் தேவகுமார் தன் தீர்மானத்தை அறிவித்தான்.

"ஏட்டி, இந்த நிமிசத்துல இருந்து இந்த வீடு நியூசிலாந்து."

அடுத்த மாதம் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். தேவகுமாருக்கு வேலை கிடைத்திருந்தது. போய் இறங்கி முழிக்கக் கூடாது, சொந்த ஊரான கருங்கலிலேயே எல்லாம் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி. அதற்காக வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கண் சிவந்திருந்தான்.

"அங்க ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் சும்மா போய் நிக்க மாட்டான். போன் போட்டு, வரலாமான்னு கேட்டுட்டுதான் வருவான். இனி இஞ்சயும் அப்படித்தான்."

"எனக்க தம்பிக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

எல்லாருக்கும் என்றாலும் சட்டம் பிறந்தது அந்தத் தம்பிக்காக மட்டுமே. விபின் ஞாயிறுதோறும் குளச்சலில் இருந்து பைக்கில் வருவான். மீன்கறி அடுப்பை விட்டு இறங்கும் நேரம் அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ. விளமீனின் நடுத்துண்டு அவனுக்குப் போகும். வாலும் தலையும் வீட்டுக்காரனுக்கு. கப்பலேறுவதற்குள், அதாவது விமானமேறுவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நடுத்துண்டைத் தானே தின்றுவிட வேண்டும். வாசலில் வந்து நிற்பவனைப் போகச் சொல்ல முடியாது. போனில் கேட்பவனிடம், "இன்னைக்கு வசதிப்படாதே மச்சினா" என்று சொல்லிவிடலாம்.

ராகேல் தலை நிமிரவில்லை. "நல்ல காரியம்தான். மத்த சட்டம் என்னல்லாம்னு ரீத்தாகிட்ட கேட்டு வைக்கேன்."

ரீத்தா அவள் சித்தி மகள், அங்கே நர்ஸ். பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் திருந்துவாள் என்று தேவகுமார் நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை அவன் குளித்துவிட்டு வரும்போது அவள் போனைக் கீழே வைத்தாள்.

"விபின் கூப்பிட்டான். நாளைக்கு வரலாமான்னு முறையா கேட்டான். செரின்னேன்."

"நான்லா சொல்லணும்?"

"நீங்க குளிச்சிட்டுலா இருந்திய. முன்னயெல்லாம் சொல்லாம வருவான், ஒத்தையில வருவான். இப்ப சொல்லிட்டு வாறதுனால பெண்டாட்டி, பிள்ளையளு, மாமியாரு எல்லாருமா வாறாவ."

தேவகுமார் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தான்.

"பின்ன, ரீத்தா சொன்னா. அங்க விருந்துன்னா அடுப்புல நிக்கது ஆம்பிளையளாம். பொம்பிளையளு நாற்காலி போட்டு இருந்து பேசுவாவளாம்."

"அது அவிய இறைச்சி சுடுவாவ. மீன்கறி இல்ல."

"நமக்கு மீன்தானே. பழகுங்க. அங்க போய் முழிக்கப்பிடாதுல்லா."

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் தேவகுமார் புறவாசலில் விளமீனோடு குந்தினான். கன்னத்தில் இரண்டு செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. பக்கத்து வீட்டு முருகதாஸ் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, இண்ணைக்கு நீயா?"

"நான் கொண்டு வந்த ஒழுங்காக்கும் அண்ணே. இந்த வீட்டுல எனக்க சொல்லுக்கு மறுசொல்லு கிடையாது. நான் ஒரு சத்தம் குடுத்தா போதும், ராகேலு கையில உள்ளத போட்டுட்டு ஓடி வருவா. நேத்துகூட நான்..."

"பிள்ளைக்க அப்பா," உள்ளேயிருந்து ராகேல் சத்தம் கொடுத்தாள், "அவிய வந்தாச்சு. நடுத்துண்டு விபினுக்கு. வெரசா தேங்காய் திருவ வாங்க."

தேவகுமார் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடினான்.