ஓரம் பிரியக் கூடாது

உலகத்தில் வேலை செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று இரண்டே இனம்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. ஆயத்தக்காரர் என்று பெயர்.

இவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம் பிடிக்கும். சோம்பேறி படுத்துக் கிடப்பார். இவரோ நிற்பார், குனிவார், அளப்பார், அளந்ததைத் தாளில் குறிப்பார், குறித்த தாளைத் தேடுவார், கடைக்குப் போவார், அங்கே கிடைத்தது சரியில்லை என்று இன்னொரு கடைக்குப் போவார், வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து, "அப்பாடா, இன்னைக்கு உட்காரவே நேரமில்லை" என்று சாயங்காலம் நாற்காலியில் சாய்வார். செய்ய வேண்டிய வேலை காலையில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டர் நடக்கச் சொன்னால் செருப்பு தேடுவதிலேயே ஆறு மாதம் போகும். பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டரில் போவதென்றாலும் முன்சக்கரக் காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், பிறகு பின்சக்கரத்தை, பிறகு சந்தேகம் வந்து மறுபடி முன்சக்கரத்தை. "எதையும் முறையா செய்யணும்" என்பது இவருடைய மந்திரம். "முறையா செய்யணும்"தான். "செய்யணும்" என்று மட்டும் இவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்காவைக் கட்டியவர் இதில் ஒரு முழு மாதிரி. அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில். பத்தொன்பது வருடமாகக் கிட்டத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

அத்தானுக்குக் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. ஒரு கோடு மயிரிழை தப்பினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அக்கா வீட்டின் முன்னறையிலேயே தைக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவும் உதட்டில் குண்டூசியுமாக இருக்கும் அவளுக்குக் கோடு தப்பினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்பது கொள்கை. இரண்டு கொள்கைகளும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னாள்: "என்னங்க, குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு ரொம்ப மக்கர் பண்ணுது. கொஞ்சம் தேய்ச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுடுங்களேன்."

ஐந்து நிமிட வேலை. அத்தான் இரண்டு மணி நேரம் கழித்து ஓர் எமரித் துணிச் சுருளோடு வந்தார். எமரித் துணி என்றால் வேறொன்றுமில்லை, உப்புத்தாளுக்கு அண்ணன். தாளுக்குப் பதிலாகக் கெட்டித் துணியில் கல்பொடி ஒட்டியிருக்கும். அந்தத் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையாக வெட்ட வேண்டும். அத்தான் அக்காவின் கத்திரியை எடுத்தார்.

"ஐயோ, அது துணி வெட்டுற கத்திரிங்க!"

"இதுவும் துணிதானே?"

நறநறவென்று சத்தம் வந்தது. கத்திரியின் வாய் மழுங்கியது. அதைவிடக் கொடுமையாக, வெட்டிய பட்டையின் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது, மேசை முழுக்கக் கல்பொடி உதிர்ந்தது. அத்தான் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகம்.

"இதை வச்சு எப்படித் தேய்க்கிறது?"

"துருவுக்கு ஓரமா தெரியப்போகுது? தேய்ங்க, தேயும்" என்றாள் அக்கா. "உங்களுக்கு நேரா வரணும்னா, விளிம்புல சின்னதா ஒரு வெட்டு விட்டு, இழை போற திசையிலயே சர்ருனு கிழிங்க. நேரா வந்துடும்."

முப்பது வருடம் துணியோடு பழகியவள் சொல்கிறாள். அத்தான் ஒரு புன்னகை செய்தார். விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள்மேல் இரங்கிச் செய்யும் புன்னகை.

"இது வேற துணி. இதுக்குன்னு ஒரு முறை இருக்கும்."

அவ்வளவுதான். தாழ்ப்பாள் மறந்து போயிற்று. ஓரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் வாரம் பிளேடால் வெட்டினார். கல்பொடிப் பக்கம் வைத்து இழுத்ததில் பிளேடு இரண்டே இழுப்பில் பல்லிளித்தது. அடுத்த வாரம் துணியைப் புரட்டி, முதுகுப் பக்கம் இரும்பு அளவுகோலை வைத்துக் கீறினார். முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் ஒரே ஒரு நூல் எட்டிப் பார்த்தது. அந்த ஒற்றை நூல் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்றாம் வாரம் கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வெட்டினார். ஓரம் கருகி, வீடு முழுக்கப் புகை, எதிர்வீட்டு டீச்சர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். நான்காம் வாரம் என் நகப்பூச்சு காணாமல் போனது.

"கோபப்படாதம்மா" என்றார் அத்தான். "வெட்டப்போற கோட்டு மேல இதைத் தடவி, காயவிட்டு, அப்புறம் முதுகுப் பக்கமா வெட்டணும். நூல் எல்லாம் ஒட்டிக்கும். பாரேன்!"

பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஓரம் கத்தி மாதிரி நேராக, சிவப்புக் கரை போட்டு, ஒரு நூல் இல்லாமல். அப்படி நாற்பத்திரண்டு பட்டைகள். சொரசொரப்பு வாரியாக அடுக்கி, எண் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். மின்கணக்கு எடுக்க வந்தவரிடம் காட்டினார், தபால்காரரிடம் காட்டினார். "தொட்டுப் பாருங்க. கையில இழை தட்டுதா? தட்டாது."

"சரி அத்தான், அப்ப இன்னைக்கே தாழ்ப்பாளைத் தேய்ச்சுடலாமே?" என்றேன்.

அவர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "இதுலயா? தேய்ச்சா ஓரம் போயிடுமே!"

இதற்கிடையில் வீட்டில் ஒருவரும் அந்தத் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே குளித்தார்கள். பாட்டு நின்றால் அறை காலி என்று அர்த்தம். இப்படியே ஆறு வாரம்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தது. பெண்கள் தொழிற்பயிற்சிப் பள்ளியில் தையல் ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அந்த வேலைக்கு அவள் மூன்று தடவை எழுதிப் போட்டிருந்தாள், முதல் முறையாக இப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை பார்த்துத் தண்ணீர்த் தொட்டி கழுவும் ஆள் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் வேற்றாள் நடமாடும்போது பாட்டை நம்பிக் குளிக்க முடியுமா? அக்கா தாழ்ப்பாளை அழுத்திப் போட்டாள். அது உள்ளே போயிற்று. போனது போனதுதான்.

எட்டே முக்காலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, தாழ்ப்பாள் வரமாட்டேங்குது."

முதலில் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னோம். மேலே தூக்கு, கீழே அழுத்து, ஆட்டி இழு. அசையவில்லை. காற்றுப்போகும் சன்னல் பூனை நுழையும் அளவு. கதவோ இரும்புத் தகடு அடித்தது.

தொட்டிக்காரர், "கடப்பாரை இருந்தா நெம்பிடலாம் சார்" என்றார்.

"நெம்பினா நிலை விட்டுப்போயிடும். எதையும் முறையா செய்யணும்" என்றார் அத்தான். குரலில் உறுதி இருந்தது.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அக்கா. "உள்ள தலைக்கு வைக்கிற எண்ணெய் இருக்கு. அந்த எமரித் துணி ஒரு துண்டு கதவுக்கு அடியில தள்ளுங்க. நானே தேய்ச்சுக்கிறேன்."

அத்தான் ஓடினார். பிஸ்கட் டப்பாவோடு ஓடி வந்தார். திறந்தார். அங்கேதான் நின்றார்.

"எண்பதாம் நம்பரா, நூத்தி இருபதா? துரு எப்படி இருக்கு? பொடியா உதிருதா, கெட்டியா இருக்கா?"

தாடி பற்றி எரிகிறவரிடம் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவன்கூட இவ்வளவு விவரம் கேட்டிருக்க மாட்டான். உள்ளேயிருந்து கதவில் ஒரே ஒரு அடி விழுந்தது. பத்தொன்பது வருடக் குடித்தனம் முழுவதும் அந்த அடியில் இருந்தது.

ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்துக் கதவின் அடி இடுக்குவரை கொண்டுபோனார். விரல் விடவில்லை. "கீழ ஈரமா இருக்குமே. ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு..."

மணி ஒன்பதாகப் பத்து நிமிடம். நான் முன்னறைக்கு ஓடினேன். முதன்முதலில் கத்திரியால் வெட்டிய அந்தப் பிரிந்த பட்டை, தையல் மேசைக்கால் ஆடாமலிருக்க மடித்து வைக்கப்பட்டிருந்தது. உருவிக்கொண்டு வந்து, அத்தானின் கைக்குக் கீழாகவே உள்ளே தள்ளினேன்.

சரக், சரக் என்று சத்தம் கேட்டது.

"ஒரே திசையில தேய்க்கணும்!" என்றார் அத்தான் தரையில் மண்டியிட்டபடி. பிறகு குரல் தணிந்தது. "மெதுவா... கையில கிழிச்சுக்காத."

சரக், சரக்.

"கேக்குதா? எனக்கு வேலை செய்யப் பிடிக்காம இல்ல" என்றார் அவர், கதவைப் பார்த்து. நானும் தொட்டிக்காரரும் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "ஆரம்பிச்சு அது கெட்டுப்போச்சுன்னா அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லயே. தயார் பண்ணிட்டு இருக்கிற வரைக்கும் யாரும் தப்பு சொல்ல முடியாதுல்ல?"

சரக் சத்தம் ஒரு விநாடி நின்றது. "தெரியும்" என்றாள் அக்கா. மறுபடி தேய்த்தாள்.

ஒன்பது பத்துக்குத் தாழ்ப்பாள் டக்கென்று விலகியது. விரலெல்லாம் துரு, ஈரத் தலையில் இரண்டு நூல். அக்கா எங்களைத் தாண்டிப் போய்ப் பத்து நிமிடத்தில் உடுத்திக்கொண்டு வந்தாள். வாசலில் அத்தான் ஸ்கூட்டரை முடுக்கி நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, காலில் ஜோடி மாறிய செருப்பு. சக்கரத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் சாட்சி.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கொண்டுபோய் இறக்கினார். மூன்று மணி நேரம் வெளியே வெயிலில் நின்றார்.

உள்ளே மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம். கடைசியாக ஓர் அம்மாள், "வெட்டின துணி ஓரம் பிரியாம இருக்க என்ன செய்யணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பீங்க?" என்றாராம். புத்தகத்தில் ஏழு வழி போட்டிருக்கிறது, அக்கா ஏழையும் படித்திருந்தாள். அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"வெட்டினதை உடனே தைச்சிடச் சொல்வேங்க" என்றாளாம். "வெட்டி வச்சு வேடிக்கை பார்த்தாத்தான் பிரியும். தைச்சிட்டா ஓரம் உள்ள போயிடும், யாரும் பாக்கப்போறதில்ல."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாராம். பதினைந்தாம் நாள் வேலைக்கான உத்தரவு வந்தது.

அத்தான் திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் நம்புவீர்களா? அக்கா பள்ளிக்குச் சுண்ணக்கட்டி எடுத்துப் போக ஒரு மரப்பெட்டி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மரம் வந்துவிட்டது. மூலைகளை எந்த முறையில் பொருத்துவது என்று மூன்று மாதமாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா சுண்ணக்கட்டியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் அந்தப் படத்தைப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்கிறாள். உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

சிரித்தீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி உண்டு என்று அவர் பக்கம் கண்ணைக் காட்டினீர்கள். காட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இன்று காலை எழுந்ததும் ஒரு வேலை நினைவுக்கு வந்ததே, நாலு நாளாகத் தள்ளிப்போட்ட வேலை? அதைத் தொடங்கத்தானே எழுந்தீர்கள்? "முதல்ல மனசைக் கொஞ்சம் லேசாக்கிக்கலாம், ரெண்டு பக்கம் படிச்சிட்டு ஆரம்பிக்கலாம்" என்றுதானே இதைக் கையில் எடுத்தீர்கள்?

படித்தாயிற்று. மனசும் லேசாகிவிட்டது.

எங்கே, எழுந்திருங்கள் பார்க்கலாம்.