கழுத்துக்கு வந்த பேரரசர்

இன்று யார் கேட்டாலும் இறங்கிப் போவதில்லை என்று கறார் முடிவெடுத்தார். கட்டிய மனைவியே கேட்டாலும் சரி.

கறார் என்பது ஊர் வைத்த பேர். வீட்டு முன்னறையில் பழைய சாமான் கடை. செம்புப் பானையை விளக்காக்கிக் கொண்டுவந்து பானை விலை கேட்டவரிடம், "பொறந்தப்போ பானையா இருக்கலாம் சார். கடைசியா என்னவா இருந்துச்சோ அதுக்குத்தான் விலை!" என்று தராசைத் தட்டிக் கத்துவார். அந்த வாக்கியத்தில்தான் கடை ஓடியது.

கடை பிறந்தது மனைவியின் பதக்கத்தை விற்று. "கடைக்கு வர்ற முதல் தங்க நகை உன் கழுத்துக்கு" என்று அன்று கையடித்துச் சொன்னார். பிறகு தங்கப் பல் வந்தது. "பல்லு நகையா?" என்றார். தங்கக் கடிகாரக் கூடு வந்தது. "அது மெஷின்" என்றார். நூல் போன்ற வெறும் சங்கிலியோடு அவளும் காத்திருந்தாள்.

இப்போது, எடைக்கு வாங்கிய பித்தளைப் பொத்தான் மூட்டையில் இந்தத் தங்கக் காசு.

மதிய வெயில் தகரக் கூரை ஓட்டை வழியாக இறங்கி, தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது. பூதக்கண்ணாடிக்குள் இலைக்கிரீடம், நீண்ட மூக்கு, சுற்றி ரோமாபுரி எழுத்து. ஃபோனில் இருந்த படங்களோடு மூக்குக்கு மூக்கு ஒத்துப் பார்த்தார். பேரரசரேதான்! இவரை விற்றால் கடைத்தெருவில் இன்னொரு கடை. கண் சொக்கியது. பேரரசர் காசிலிருந்து மெல்ல இறங்கி, பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன விலை போடுவாய்?"

"மூக்கு கொஞ்சம் நீளமா இருக்கு சாமி, பார்த்துச் சொல்றேன்."

"ஏங்க, மடியில என்னமோ மின்னுதே?" இது பேரரசர் குரல் இல்லை.

கறார் பதறி எழுந்தார். "பித்தளைப் பொத்தான்!"

"பொத்தானுக்கு மூக்கு இருக்கே."

"சரி, பேரரசர்! அசல் தங்கம்! ஆனா காசு. காசு நகையாகாது. பேச்சு முடிஞ்சுது!"

"நான் ஒண்ணும் கேக்கலையே. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

கறார் குளிர்ந்து போனார். மூக்கு, கிரீடம், எழுத்து என்று விளக்கித் தள்ளினார்.

"என்ன மூளைங்க உங்களுக்கு! காசுல ஏன் இந்த ஓட்டை?"

"எந்தப் பாவியோ போட்டிருக்கான்."

"சரியா உச்சந்தலைக்கு மேல போட்டிருக்கானே. ராஜா நேரா நிக்கணும்னு பார்த்துப் போட்டிருக்கான். முகம் பளிச்சுனு இருக்கு, முதுகு மட்டும் ஏன் மழமழன்னு தேஞ்சிருக்கு?"

"இதுகூடத் தெரியாதா? கழுத்துல தொங்கி, நெஞ்சுல உரசி உரசி..."

தொழில் புத்தி முந்திக்கொண்டது. வாயைப் பொத்துவதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

"அப்போ கடைசியா என்னவா இருந்துச்சு?"

ஊரையே மடக்கிய வாக்கியம் ஊர் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்திருந்தது. கறார் தராசைத் தட்டினார். தட்டு ஆடியது. அவள் ஆடவில்லை.

"இன்னொரு கடை வைக்கலாம்டி!"

"தாராளமா வைங்க. அதான் புதுப் பதக்கம் இருக்கே, அன்னிக்கு மாதிரி விக்கக் கேளுங்க. நான் மாட்டேன்னு சொல்றேன்."

மெல்லிய சங்கிலி ஓட்டையில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. அளவெடுத்தது மாதிரி.

மறுநாள் மதியமும் தூசி பொன்னாக மிதந்தது. கண் சொக்கியதும் பேரரசர் அவள் கழுத்திலிருந்து இறங்கி வந்தார்.

"ராஜா, நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை..." என்று கறார் ஆரம்பித்தார்.

பேரரசர் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாப் பேசுய்யா. அம்மா தூங்கறாங்க."