ஏரிக்கரை வழியாகத் திரும்பவும்

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சூடான பலகாரம் இல்லாமல் விடியக் கூடாது என்று டைம்கீப்பர் முடிவு கட்டினார். முடிவு கட்டும்போது அவர் கையில் இருந்தது முந்தின நாள் ரொட்டி. அதைக் கடித்து இழுத்தபோது முதலில் வரப்போவது ரொட்டியா பல்லா என்று அவருக்கே நிச்சயமில்லை.

பஸ் டிப்போவில் எந்த வண்டி எந்த வழியாகப் போகும், எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்று அட்டவணை போடுவது அவர் உத்தியோகம். தான் பேனாவை எடுத்தால் பஸ்ஸெல்லாம் நகரும், வைத்தால் நின்றுவிடும் என்பது அவருடைய அபிப்பிராயம். டிரைவர்களின் அபிப்பிராயம் வேறு. அது அச்சில் ஏற்றக்கூடியதல்ல.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரே ஒரு வண்டி மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் மனைவியின் சைக்கிள்.

வாரம் பூராவும் மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், ஞாயிறு ஒருநாளாவது உட்கார்ந்து மிதிப்போமே என்று ஆரம்பித்தாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சேர்ந்துகொண்டார். தெருவில் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்தார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஊருக்கு வெளியே வயல் நடுவில் போகிற ரோடுகளைச் சுற்றிவிட்டு, வெயில் உச்சிக்கு வரப்போகும் நேரத்தில்தான் திரும்புவார்கள். திரும்பும்போது அவள் முகத்தில் ஒரு களை இருக்கும். டைம்கீப்பருக்கு ரொட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது, அந்தக் களையைத்தான் முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து ஒருநாளும் வராத களை, ஏதோ வாத்துக் கூட்டத்தைப் பார்த்து வந்திருக்கிறது.

“வாய்க்கால்ல எத்தனை வாத்து தெரியுமா? ஒண்ணு பின்னால ஒண்ணு, அழகா வரிசையா.”

“எனக்கும்தான் பசி வரிசையா வருது. அதையும் கொஞ்சம் வந்து பாரு.”

“ரொட்டி வச்சிட்டுத்தானே போனேன்?”

“அது ரொட்டியா? கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்.”

“குடுங்களேன். அந்தக் கதவும் ரொம்ப நாளா அடிச்சுக்கிட்டே இருக்கு.”

போகாதே என்று நேராகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிற கணவன்மார் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் இவளைக் கட்டிக்கொண்டவர்கள் இல்லை. ஆகவே டைம்கீப்பர் சூழ்ச்சியில் இறங்கினார். அவளே வெறுத்துப்போய்ச் சைக்கிளைப் பரணில் ஏற்றவேண்டும். அதற்கு, மிதித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்படி ஒரு வழி கண்டுபிடிக்கவேண்டும்.

டிப்போவில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மேடு தேடினார். அகப்படவில்லை. அந்த வட்டாரம் அவ்வளவு சாது. மலை கிடையாது, குன்று கிடையாது. மேடு என்று மரியாதைக்குச் சொல்வதானால் வாய்க்கால் பாலம் ஒன்று உண்டு. அதில் ஆட்டுக்குட்டிகூட ஓடியே ஏறிவிடும். நிலமே பெண்கள் கட்சியில் சேர்ந்துவிட்டதாக அவருக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரை பஸ்ஸின் டிரைவர் உள்ளே வந்தார்.

“சார், என் ட்ரிப்புக்கு அஞ்சு நிமிஷம் கூடப் போட்டுக் குடுத்தீங்க. அதுவும் பத்தலை. வெயில் ஏற ஏற எதிர்க்காத்து பஸ்ஸையே புடிச்சு நிறுத்துது.”

“போகும்போதா, வரும்போதா?”

“ஊருக்குத் திரும்பி வரும்போதுதான் சார். கரையில ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நேரா நெஞ்சுல வந்து அடிக்குது.”

அந்த ஐந்து நிமிஷத்தை அவர் முன்பு காகிதத்தில் போட்டதோடு சரி. அந்தக் காற்று தனக்கும் உதவும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உடனே டிரைவருக்குக் காபி வரவழைத்தார். டைம்கீப்பர் கையால் காபி குடித்தவர் டிப்போவில் அதுவரை யாருமில்லை. தனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்றே டிரைவர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே வழி தயார். போகும்போது தோப்பு ரோடு. இரண்டு பக்கமும் மரங்கள், நல்ல நிழல், காற்று எட்டிப் பார்க்காது. அப்படியே பால் பண்ணையைச் சுற்றிக்கொண்டு, திரும்பும்போது ஏரிக்கரை. சிரித்துக்கொண்டு போய் அழுதுகொண்டு வருவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. வட்டமாகப் படம் போட்டு, அடியில் ‘ஏரிக்கரை வழியாகத் திரும்பவும்’ என்று அலுவலகக் கையெழுத்தில் எழுதினார்.

“இந்தா, உங்களுக்காக ஒரு ரூட் போட்டிருக்கேன்.”

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல் ஒண்ணும் இல்லையே.”

“ஒரு பந்தயம் வச்சுக்கலாம். இந்த வட்டத்தை முடிச்சிட்டு ஒன்பது மணிக்குள்ள வீடு வந்துட்டா, இனிமே ஞாயித்துக்கிழமை பலகாரம் என் பொறுப்பு. வரலைன்னா உன் சைக்கிள் பரணுக்குப் போயிடணும். அப்புறம் எறங்கக் கூடாது.”

“பலகாரம் எனக்கு மட்டுமா?”

“ஆறு பேருக்கும்.”

வரப்போகாத விருந்தாளியிடம் தாராளம் காட்டுவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

“ஆனா ஒண்ணு. குறுக்குவழியில பூந்து வந்துடக் கூடாது. இதுல இருக்கிற ஒரு ரோட்டையும் விடக் கூடாது. தோப்பு, பண்ணை, ஏரிக்கரை, மூணு எடத்துலயும் போட்டோ எடுத்து அனுப்பணும்.”

“ஒரு ரோட்டையும் விடாம, ஒன்பதுக்குள்ள வந்துட்டா நான் ஜெயிச்ச மாதிரியா?”

“சந்தேகமே வேண்டாம்.”

“எதிர்வீட்டு அக்கா முன்னாடி இதை ஒருதரம் சொல்லிடுங்க.”

சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, “நான் சாட்சி, தம்பி,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு சைக்கிள்களும் கிளம்பிப் போயின. டைம்கீப்பர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பரணில் இருந்த தகர டப்பாக்களை முந்தின நாளே நகர்த்தி இடம் பண்ணியாகிவிட்டது. வெயில் வந்தது. ஜன்னல் திரை லேசாக ஆடியது, பிறகு நன்றாகவே ஆடியது. கட்டிய மனைவி அசைந்து வரும் அழகைப் பார்ப்பதுபோல அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் போட்டோ வந்தது. ஏரிக்கரை. தண்ணீர் பளபளக்க, ஆறு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

டைம்கீப்பரும் சிரித்தார். கடைசியில் வரவேண்டிய இடத்துக்கு முதலிலேயே போய்விட்டார்கள். வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள், பாவம். அந்தப் பாவத்தை அவர் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தார். அடுத்த போட்டோ பால் பண்ணையிலிருந்து வந்தபோதுதான் ஏதோ உறுத்தியது. முதல் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆறு பேர் தலைமுடியும் முகத்துக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது. காற்று முதுகில். மொட்டைக் கரை நெடுகக் காற்றே அவர்களைத் தள்ளிவிட்டிருக்கிறது. இனி பாக்கி இருப்பது தோப்பு ரோடு. அங்கே காற்று எட்டிப் பார்க்காது. அவரே தேர்ந்தெடுத்த ரோடு.

போனை எடுத்தார்.

“நீ போற வழி தப்பு.”

“எந்த ரோட்டை விட்டேன்? சொல்லுங்க.”

“விடலை. ஆனா தலைகீழா சுத்துறே. எப்படித் திரும்பணும்னு தெளிவா எழுதியிருக்கேன்ல?”

“எழுதியிருக்கீங்க. பந்தயத்துல சொல்லலையே. அக்கா பக்கத்துலதான் இருக்காங்க, பேசுறீங்களா?”

“வேண்டாம்.”

“வட்டத்தை எந்தப் பக்கமா சுத்தினா என்னங்க, வட்டம்தானே?”

இத்தனை வருஷச் சர்வீஸில் அவரிடம் எந்தப் பஸ்ஸும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

“காத்து விஷயம் யாரு சொன்னது உனக்கு?”

“நீங்கதான். சாப்பிட உக்காந்தா டிப்போவைத் தவிர வேற என்ன பேசுறீங்க? எதிர்க்காத்துக்காக ஏரிக்கரை பஸ்ஸுக்கு அஞ்சு நிமிஷம் கூடப் போட்டதை ஒரு வாரம் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. வேற யாருக்காவது இந்த மூளை வருமான்னு.”

“நீ அதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?”

“பின்ன?”

டைம்கீப்பர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். சுவரைப் பார்த்துப் பேசுவதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தார். மனைவி தன் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள் என்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வருவதற்கு அது சரியான சமயம் அல்ல என்பதும் தெரிந்தது.

“சரி, அடுப்பைப் பத்த வைங்க. பண்ணையை விட்டுக் கிளம்பிட்டோம்.”

சமையலறைக்குள் போகும்போதே கடைசியாக ஒரு யோசனை உதித்தது. வாயில் வைக்க முடியாதபடி சமைத்துவிட்டால் போதும். அவர்களே கும்பிடு போட்டு விடுதலை கொடுத்துவிடுவார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் முட்டையை வேகப் போட்டதும் கை தானாகக் கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தது. இறக்கவேண்டிய நேரம் வந்தபோது இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட அவருக்கு மனசு வரவில்லை. ரொட்டியைக் கருக விடலாம் என்று நின்றார். கிளம்பவேண்டிய பஸ் நிற்பதைப் பார்த்தால் எப்படித் துடிப்பாரோ அப்படித் துடித்து, பொன்னிறத்தில் எடுத்துப் போட்டார். காபியும் அப்படியே அமைந்து தொலைந்தது.

ஒன்பது அடிக்க நிறைய நேரம் இருக்கும்போதே வாசலில் மணிச் சத்தம் கேட்டது. ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வைக்க வைக்கக் காலியாயிற்று.

“முட்டை என்ன பதம், தம்பி,” என்றார் தையல்காரம்மா. “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, தண்ணியையே தீய வைப்பாரு.”

நடுவில் இரண்டு பேர் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். டைம்கீப்பர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் எழுந்து போனபிறகு, தட்டுகளை அலம்பிக்கொண்டே மனைவியிடம் குரலைத் தாழ்த்திப் பேச்சுக் கொடுத்தார்.

“அடுத்த வாரம் நல்ல நீளமா ஒரு ரூட் போட்டுத் தரேன். இதுல சூது ஒண்ணும் இல்ல. ஆற அமர மதியத்துக்கு வாங்க. நானும் கொஞ்சம் தூங்கி எந்திரிப்பேன்.”

“நாங்க லேட்டாவே வரோங்க. ஆனா நீங்க சீக்கிரம் எந்திரிக்கணும். புதுசா நாலு பேர் சேர்றாங்க.”

“இன்னும் நாலு சைக்கிளா?”

“சைக்கிளா? அவங்களுக்கு ஓட்டவே தெரியாதுங்க. நேரா சாப்பிடத்தான் வர்றாங்க.”